இம்முறை நானே தெரிந்தெடுத்த ஊர்

இடம்பெயர்வு எமக்குப் புதிய சொல் அல்ல. இந்தப் பக்கத்தை வாசிக்கும் சகோதரிகளில் அநேகர் ஒரு தடவையாவது கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களாகவே இருப்பீர்கள். நானும் அப்படித்தான். 1990 ஆனி மாதம் வயாவிளானை விட்டு வெளிக்கிட்டேன். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்துச் சனம் எல்லாம் ஒரே இரவில் வீதிக்கு இறங்கியபோது, நானும் கணவரும் நான்கு வயது மகளும் அந்தச் சனத்துக்குள் நடந்தோம். பிறகு வன்னி. அங்கே கணவரை ஷெல் வீச்சில் இழந்தேன். 1998 இல் மகளோடு கொழும்புக்கு வந்தேன். கொட்டாஞ்சேனையில் ஓர் அறை, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ், கடைசியில் தெஹிவளையில் ஓர் அனெக்ஸ். எண்ணிப் பார்த்தால் வயாவிளானுக்குப் பிறகு ஒன்பது இடங்கள்.

அந்த ஒன்பதில் ஒன்றையேனும் நான் விரும்பித் தெரிவு செய்யவில்லை. ஷெல் வந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போனோம். யாரோ ஓர் உறவினர் இடம் தந்தால் போனோம். தமிழருக்கு அறை தருவோம் என்று யார் சொன்னார்களோ அங்கே போனோம். பொலிஸ் பதிவுத் துண்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்த காலம் அது. 2007 யூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 370 க்கும் மேற்பட்ட தமிழர்கள் விடியற்காலையில் பஸ்களில் ஏற்றப்பட்டு நகருக்கு வெளியே அனுப்பப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. நான் அப்போது அனெக்ஸுக்கு மாறிவிட்டேன். ஆனாலும் பல நாட்களாகக் கதவு தட்டுப்பட்டால் நெஞ்சு இடிக்கும்.

இப்போது எனக்கு வயது 61. மகள் கனடாவில் குடும்பமாக இருக்கிறாள். தெஹிவளையில் நான் இருக்கும் வீட்டை உடைத்து மாடிவீட்டுத் தொடர் கட்டப் போகிறார்கள். ஓராண்டு தவணை தந்தார்கள். இது எனக்கு நேர்ந்த பத்தாவது இடமாற்றம். ஆனால் முதன்முதலாக ஒரு வித்தியாசம் இருந்தது. யாரும் துரத்தவில்லை, நேரம் இருந்தது, கையில் சிறிது சேமிப்பும் இருந்தது. "எங்கே போகலாம்?" என்று கேட்க வேண்டிய நான், "எனக்கு எங்கே போக விருப்பம்?" என்று கேட்டுப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. விருப்பம் என்பதை நாங்கள் பயன்படுத்திப் பழகவில்லை.

மகள், "அம்மா, இங்கை வந்து எங்களோடை இருங்கோவன்" என்றாள். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆசைதான். ஆனால் ஆறு மாதம் பனிக்குள் ஒரு வீட்டின் நிலவறையில் இருந்து, வைத்தியரிடம் போகவும் மருமகனை எதிர்பார்க்க எனக்கு மனம் வரவில்லை. "ஊருக்குப் போகலாமே" என்று பலர் சொன்னார்கள். எமது காணி இன்னும் வேலிக்கு அப்பால்தான் கிடக்கிறது. வெள்ளவத்தையில் ஓர் அறையும் குசினியும் கேட்டால் எழுபதாயிரம் என்றார்கள். நான் தெஹிவளையில் கொடுத்து வந்தது 45,000 ரூபா. என் தையல் வருமானத்துக்கு அதுவே மூச்சு முட்டும்.

நான் பரதநாட்டிய உடை தைப்பவள். அரங்கேற்ற உடைகளுக்கு விசிறி மடிப்பதும் ஜரிகைக் கரை வைப்பதும் என் தொழில். இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலும் சரஸ்வதி மண்டபத்திலும் ஆடிய எத்தனையோ பிள்ளைகளின் இடுப்பு அளவு என் கொப்பியில் இருக்கிறது. இப்போது அளவுகள் வட்ஸ்அப்பில் வருகின்றன. உடை கூரியரில் போகிறது. ஆகவே தொழிலுக்காகக் கொழும்பில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான் எழுதி வைத்த தேவைகள் நான்கு: இருபதாயிரத்துக்குள் வாடகை, தமிழில் கதைத்துக் காரியம் பார்க்கக்கூடிய இடம், பக்கத்தில் வைத்தியசாலையும் பஸ்ஸும், நான்காவதாக, கண்ணுக்கும் கைக்கும் வேலை தரும் கலை உள்ள ஊர். ஐந்தாவதாக 'மலை' என்று எழுதினேன். பிறகு வெட்கப்பட்டு வெட்டினேன். பிறகு மீண்டும் எழுதினேன்.

மலை என்றால் ஏன் வெட்கம்? எமது பெண்கள் சோறு, கூரை, பிள்ளையின் படிப்பு என்று கேட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அழகான இடத்தில் இருக்க ஆசை என்று சொன்னால், "இவவுக்கு இப்ப இதுதான் குறை" என்பார்கள். முகாமிலே தறப்பாளுக்கு முன்னால் நித்தியகல்யாணி நட்ட பெண்களை நான் கண்டிருக்கிறேன். அது ஆடம்பரம் அல்ல. மனம் பிழைத்திருப்பதற்கு அதுவும் தேவை.

ஊர் ஊராகப் பார்த்தது

2025 மாசி மாதம் தொடங்கி, என்னோடு தையல் வேலை செய்யும் மட்டக்களப்புத் தோழியையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பார்த்தேன். ஒவ்வோர் ஊரிலும் ஓரிரு இரவு தங்கினோம்.

முதலில் கண்டி. கலை என்று பார்த்தால் அதை மிஞ்ச முடியாது. 1988 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை நகரமாக அறிவித்தது. தமிழருக்கும் அங்கே பெரிய கலை வரலாறு உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் எமது கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகள் அங்கே உருவானவை. இராவணனாக ஆடியவர் அப்போது மாணவராக இருந்த சி. மௌனகுரு. அதே வளாகத்தின் திறந்தவெளி அரங்கில்தான் சரச்சந்திரவின் 'சிங்கபாகு' 1961 இல் மேடையேறியது. என் தோழி, "எங்கட ஊர்க் கூத்து இஞ்ச வந்துதான் பெரிசாகியிருக்கு" என்று பெருமைப்பட்டாள். ஆனால் கண்டி நகருக்குள் வாடகை கொழும்போடு போட்டி போடுகிறது. வாகன நெரிசலும் அப்படித்தான். நகரை விட்டுத் தள்ளிப் போனால் வீடுகள் செங்குத்தான சரிவுகளில் இருக்கின்றன. முழங்கால் நோ உள்ள எனக்கு அந்தப் படிகள் சரிவராது.

நுவரெலியா 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. பார்க்க அழகு. ஆனால் ஏப்ரல் மாத சீசனில் ஓர் அறையின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். மழை இருட்டும் குளிரும் வேறு. "அக்கா, இந்தக் குளிருக்க கை விறைச்சா ஊசி பிடிக்க ஏலுமா?" என்று தோழி கேட்டாள். அது சரியான கேள்வி.

ஹட்டன் 4,000 அடி உயரத்துக்கு மேற்பட்ட நகரம். மலையகத் தமிழர்களின் நகரம் என்றே சொல்லலாம். 1930களில் கோ. நடேசய்யரும் அவருடைய மனைவி மீனாட்சியம்மாளும் தொழிற்சங்க வேலை செய்த இடம். மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் தானே பாட்டுக் கட்டிப் பாடியவர். பேச்சு விளங்காதவர்களுக்குப் பாட்டு விளங்கியது. நாங்கள் போன மாசி மாதத்தில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் காமன் கூத்து நடந்தது. கம்பம் ஊன்றி, தப்பு அடித்து, ரதியும் மன்மதனும் ஆடி, கடைசியில் காமனை எரிக்கும் கூத்து. வழமையாக ரதி வேடமும் ஆண்களே கட்டுவார்கள். அந்த ரதியின் பாவாடைக் கரையைப் பார்த்தவுடனே என் கை துறுதுறுத்தது. ஹட்டனை எனக்கு நன்றாகப் பிடித்தது. ஆனால் தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஓயாத மழை. என் ஆஸ்துமாவுக்கு அது ஒத்துவராது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

பண்டாரவளை ஏறத்தாழ 4,000 அடி. காற்று உலர்ந்தது, குளிர் அளவானது. உடம்புக்கு மிகவும் உகந்த ஊர். ஆயினும் அங்கே பஸ்ஸை விட்டு இறங்கியபோது பிந்துனுவெவ என்ற பெயர்ப்பலகையைக் கண்டேன். 2000 ஒக்டோபர் 25 ஆம் திகதி அந்தப் புனர்வாழ்வு முகாமுக்குள் 25 க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கும்பலால் கொல்லப்பட்டார்கள். 2005 இல் வழக்கு முடிந்தபோது குற்றவாளி என்று எவரும் மிஞ்சவில்லை. இன்று அங்கே தமிழர்கள் நிம்மதியாக வாழ்கிறார்கள். கடை வைத்திருக்கிறார்கள். அந்த ஊரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயரைத் தினமும் பஸ் பலகையில் வாசிக்க என்னால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது. ஒரு பெண்ணுக்குத் தன்னால் எது முடியாது என்று தெரிந்திருப்பதும் தெரிவு செய்வதில் ஒரு பகுதி.

எல்ல பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டார் விரும்பி வரும் சிற்றூர். ஓவியம், இசை, கோப்பிக் கடைகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அங்கே அறைகள் இரவுக் கணக்கில் போகின்றன. மாத வாடகைக்கு ஒரு தையற்காரிக்கு யார் தருவார்?

மலிவு யாருக்கு?

இது எல்ல ஊருக்கு மட்டும் உரிய கதை அல்ல. அமெரிக்காவில் வட கரோலைனா மாநிலத்தில் ஆஷ்வில் என்றொரு மலை நகரம் இருக்கிறது. ஆற்றங்கரையில் இருந்த பழைய தொழிற்சாலைக் கட்டடங்கள் மலிவாகக் கிடைத்ததால் குயவர்களும் ஓவியர்களும் அங்கே பட்டறை வைத்தார்கள். ஊருக்குக் கலை நகரம் என்று பெயர் வந்தது. பெயர் வந்ததும் பணக்காரர் வந்தார்கள், வாடகை ஏறியது. 2024 செப்டெம்பரில் ஹெலீன் சூறாவளி வந்து அந்த ஆற்றங்கரைப் பட்டறைகளில் பெரும்பகுதியை வெள்ளத்தில் மூழ்கடித்தது. மலிவாகக் கிடைக்கும் இடம் பல சமயம் ஆறு எடுக்கும் இடமாக, மண் சரியும் இடமாக இருக்கிறது. அதனால்தான் அது மலிவாக இருக்கிறது.

எமது மலைநாட்டில் மலிவு என்ற சொல்லுக்கு இன்னும் ஒரு பொருள் உண்டு. அங்கே மரக்கறி மலிவு, வீட்டு வாடகை மலிவு, வேலைக்கு ஆள் மலிவு என்று கொழும்பில் சொல்வார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2021 இல்தான் 1,000 ரூபாவைத் தொட்டது. 2024 இல் 1,350 ரூபாவாகியது. அவ்வளவு சிறிய கூலியில் ஒரு குடும்பம் வாழ்கிற இடத்தில்தான் எனக்கு வாடகை குறைகிறது. ஆகவே நான் போகும் ஊரில், "எல்லாம் மலிவு" என்று வாயைத் திறந்து சொல்லக் கூடாது என்று எனக்குள் வைத்துக்கொண்டேன்.

மாத்தளை

கண்டியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றர் போனால் மாத்தளை. 1,200 அடி உயரந்தான். சுற்றிவர மலை, நடுவே நகரம். எங்கள் உடம்புக்குத் தாங்கக்கூடிய காற்று. மிளகு, கராம்பு, கொக்கோ வளரும் மண். 1880 இலிருந்து புகையிரதப் பாதையும் உண்டு, அது அங்கேயே முடிகிறது.

நகரின் நடுவே முத்துமாரியம்மன் கோவில். மாசி மகத்துக்கு ஐந்து தேர்கள் இழுப்பார்கள். நாங்கள் ஹட்டனிலிருந்து வந்து அந்தத் தேரைப் பார்த்தோம். கூட்டத்தில் தமிழரும் சிங்களவரும் கலந்து நின்றார்கள். மாத்தளை என்ற ஊர்ப் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு எழுதியவர்களை நீங்கள் வாசித்திருப்பீர்கள்: மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை வடிவேலன், மாத்தளை சோமு. தன் ஊர்ப் பெயரை எழுத்தாளர் இப்படிச் சுமப்பது அந்த ஊரின் தமிழ் வாழ்வுக்கு ஓர் அடையாளம்.

கைவேலை என்று பார்த்தாலும் மாத்தளை சிறியதல்ல. ஹபுவிட கிராமத்தில் விரல் நகத்தால் அரக்கை இழுத்துக் கோலம் போடும் வேலை பரம்பரையாக நடந்து வருகிறது. அலுவிகாரையில் ஈனா டி சில்வா என்ற அம்மையார் 1980களின் தொடக்கத்தில் தன் பூர்வீக வளவில் பத்திக் வேலையும் பூத்தையலும் நடத்தும் ஒரு நிலையத்தை ஆரம்பித்தார். அவர் கொழும்பில் பேர்பெற்ற கலைஞர். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவோடு சேர்ந்து வேலை செய்தவர். பென்தோட்டை ஹோட்டல் ஒன்றின் கூரைத் தளத்துக்கு அவர் செய்த பத்திக் புகழ்பெற்றது. அறுபது வயதளவில் ஊருக்குத் திரும்பி வந்து, சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களுக்குத் தொழில் கொடுத்து, 2015 இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். அவருக்கு நிலமும் பேரும் இருந்தன, எனக்கு ஒரு தையல் மெசின்தான் இருக்கிறது. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனால் அறுபது வயதில் ஒரு பெண் ஒரு மலையூரில் புதிதாகத் தொடங்கலாம் என்பதற்கு அவர் எனக்குப் போதுமான சாட்சி.

எல்லாவற்றையும் விட என்னைப் பிடித்து நிறுத்தியது வீதி. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி மாத்தளை நகருக்குள்ளால்தான் போகிறது. எமது வாழ்க்கையில் அந்த வீதி எத்தனை தடவை மூடியது, திறந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2002 ஏப்ரலில் திறந்தார்கள், 2006 ஓகஸ்டில் மூடினார்கள், 2009 இல் மீண்டும் திறந்தார்கள். மாத்தளைச் சந்தியில் நின்றால் 'யாழ்ப்பாணம்' என்று பலகை போட்ட பஸ் போகிறது. வேலி திறக்கும் நாளில் நான் கொழும்புக்குப் போய் வளைந்து வரத் தேவையில்லை. கை காட்டி ஏறலாம்.

பயத்தையும் கணக்கில் எடுத்தல்

மாத்தளையில் 1983 யூலையில் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் மண் தோண்டியபோது 150 க்கும் மேற்பட்டவர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவை எக்காலத்தவை என்பதில் வாதம் எழுந்தது. 1980களின் இறுதியில் காணாமற்போன தம் பிள்ளைகளாக இருக்குமோ என்று சிங்களக் குடும்பங்கள் கேட்டன. இதை அறிந்தபோது அந்த ஊர் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. பிள்ளையின் படத்தை மடியில் வைத்திருக்கும் தாய்மார் அங்கேயும் இருக்கிறார்கள், வேறு மொழியில்.

முதலில் எனக்குக் காட்டிய வீடு நகருக்கு வெளியே மிக அழகான இடத்தில் இருந்தது. யன்னலைத் திறந்தால் மலை. வாடகை பன்னிரண்டாயிரம். ஆனால் வீட்டின் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்மேடு. பின்சுவரில் கோணலாக ஒரு வெடிப்பு. நான் "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனது என் நினைவில் இருந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. வீதிகளும் புகையிரதப் பாதைகளும் உடைந்தன. "இனியும் மலைக்குத்தான் போகப் போறியளோ?" என்று வெள்ளவத்தையில் இருக்கும் மச்சாள் கேட்டார். நியாயமான கேள்வி. மலையில் இலட்சக்கணக்கானோர் வாழ்கிறார்கள். அவர்கள் எல்லோரும் எழும்பிப் போக முடியாது. எந்தச் சரிவில், எந்த மேட்டின் கீழ் என்பதைத்தான் பார்க்க வேண்டும். நாங்கள் ஷெல்லின் சத்தத்தை வைத்து அது எங்கே விழும் என்று படித்தவர்கள். மண்ணையும் படிக்கலாம்.

அதற்காக நான் விசாரித்து அறிந்தவற்றை இங்கே தருகிறேன். மலை மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அலுவலகங்கள் இருக்கின்றன. ஓரிடம் மண்சரிவு அபாய வலயத்துள் வருகிறதா என்று அவர்களிடம் கேட்கலாம். கிராம உத்தியோகத்தருக்கும் பெரும்பாலும் தெரியும். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயத் தொடங்கிய மரம் அல்லது மின்கம்பம், இல்லாத இடத்தில் திடீரென்று ஊறும் நீர், தெளிந்த ஊற்று கலங்கி வருதல், இவை எல்லாம் மண் நகர்வதன் அறிகுறிகள். கண்டால் உடனே வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. வீடு பார்க்கப் போவதானால் வெயில் நாளில் மட்டும் போகாதீர்கள். பெருமழை பெய்த மறுநாளும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

நானும் புயலுக்குப் பிறகு, வீதி திறந்ததும் மீண்டும் போனேன். முன்பு பார்த்த வீட்டின் பின்மேடு குசினி வரை இறங்கியிருந்தது. நல்ல வேளையாக உள்ளே யாரும் இருக்கவில்லை. இந்தத் தடவை நகருக்குள், சமதரையில், பெரிய வீதியிலிருந்து நடக்கும் தூரத்தில் தேடினேன். அங்கே மலை யன்னலில் தெரியாது. வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்க வேண்டும். அது போதும்.

புதியவளாகப் போவது

அந்த வீட்டுக்காரி ஓய்வுபெற்ற ஆசிரியை. மலையகத் தமிழ்ப் பெண். கணவர் இல்லை. வீட்டின் ஒரு பக்கத்தில் இரண்டு அறையும் ஒரு குசினியும்.

"தனியாவா இருப்பீங்க?" என்று கேட்டார்.

"ஓம் ரீச்சர், தனியத்தான்."

"பயம் இல்லையாம்மா?"

"பயம் இருக்கு. அதாலைதான் உங்கட பக்கத்துச் சுவரைக் கேக்கிறன்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு தேத்தண்ணி தந்துகொண்டே, "யாழ்ப்பாணத்துக்காரங்க எங்ககிட்ட வாடகைக்கு வர்றது எனக்குத் தெரிஞ்சு இதுதான் முதல் தடவ" என்றார். சொன்ன விதத்தில் குத்தல் இல்லை. ஆனால் அதற்குள் ஒரு வரலாறு இருந்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களின் மக்களில் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்துக் கப்பலேற்றியது. 1977 இலும் 1983 இலும் அடிபட்டவர்கள் பாதுகாப்புத் தேடி வன்னிக்குப் போனார்கள். அங்கே போனவர்கள் கடைசி யுத்தத்தில் எங்களோடு சேர்ந்தே அழிந்தார்கள். அவர்களைக் கூலிக்காரர் என்று தாழ்த்திக் கதைத்தவர்கள் எமது ஊர்களில் இருந்தார்கள் என்பதும் உண்மை.

2023 இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து நடைபயணம் ஒன்று புறப்பட்டது. யூலை 28 இல் தொடங்கி ஓகஸ்ட் 12 இல் மாத்தளையில் முடிந்தது. அவர்களின் முன்னோர் காட்டுக்குள்ளால் நடந்து வந்த அதே திசை. வழியில் நோயாலும் பசியாலும் செத்தவர்களின் நினைவாக நடந்தார்கள். ரீச்சரும் கடைசி நாள் அவர்களோடு சேர்ந்து நடந்ததாகச் சொன்னார். நடந்து வந்த சனத்தின் ஊருக்கு நடந்து வந்த இன்னொருத்தியாக நானும் போகிறேன். அங்கே நான் வாடகைக்காரி, புதியவள். பேச்சுத் தமிழ் வேறு, கறித்தூள் வேறு. கற்றுக்கொள்ள வேண்டியது என் பக்கம்.

வாடகை 18,000 ரூபா. ஆறு மாத முற்பணம். ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்கு எழுதினோம். விரும்பினால் நீடிக்கலாம், விரும்பாவிட்டால் மூன்று மாத அறிவித்தலோடு விடலாம் என்று ஒரு வசனத்தைக் கேட்டுச் சேர்த்தேன். ரீச்சர் அதற்குச் சம்மதித்தார். சனிக்கிழமைகளில் முன் விறாந்தையில் பிள்ளைகளுக்குப் பூத்தையல் சொல்லிக்கொடுக்கவும் இடம் தந்தார்.

தெஹிவளையையும் நான் வெறுத்துப் போகவில்லை. 28 வருடங்களாக எனக்குச் சோறு போட்டது இந்தக் கொழும்புதான். காலி வீதியின் இரைச்சலும், கடற்கரையோரம் போகும் ரயிலும், விஷ்ணு கோவில் மணியும் எனக்குப் பழகிவிட்டன. ஆனால் பழகியது என்பதற்காக மட்டும் ஒரு இடத்தில் மூச்சுத் திணறிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

சகோதரிகளே, உங்களில் பலருக்கு இப்படித் தெரிவு செய்யும் வசதி இன்னும் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். காணி விடுபடாதவர்கள் இருக்கிறீர்கள். கடன்காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டு இருப்பவர்கள் இருக்கிறீர்கள். ஆனால் என்றாவது ஒருநாள் வீடு மாற வேண்டி வந்தால், யாராவது ஒரு முகவரியைக் கையில் தரும் முன்பே ஒரு கொப்பியை எடுத்து உங்கள் தேவைகளை எழுதுங்கள். வாடகை எவ்வளவு தாங்கும், வைத்தியசாலை எவ்வளவு தூரம், இருட்டின பிறகு பஸ் வருமா, மழைக்கு மண் தாங்குமா, பக்கத்துச் சுவருக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். கடைசியில் உங்கள் மனதுக்குப் பிடித்த ஒன்றையும் எழுதுங்கள். கடலோ, மலையோ, வாசலில் ஒரு பூமரமோ. அதை வெட்டாதீர்கள்.

அடுத்த மாதம் லொறி வருகிறது. மெசின், வெட்டும் மேசை, இரண்டு பெட்டி ஜரிகை, கணவரின் படம், ஒரு கட்டில். ஏ9 வழியாக வடக்கே போகும் எவரும் மாத்தளையில் இறங்கினால், தேத்தண்ணி தர எனக்கு அங்கே ஒரு குசினி இருக்கும்.